சரியான யெஸ்

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. படகிலிருந்த சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, தவாட் மட்டும் முதலாளி நிற்கும் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மழைப் பயம் இல்லை. முதலாளி இங்கிலீஷில் எதையாவது கேட்டுத் தொலைத்துவிடுவாரோ என்பதுதான் பயம்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோயிருந்தது. அறுந்த மீன்வலை ஒன்று படகின் அடியில் இருக்கும் விசிறியைச் சுற்றிக்கொண்டுவிட்டது. அதை அறுத்தெடுக்க இறங்கப்போகிறவன் கொப். கொப் என்றால் தவளை. தண்ணீருக்குள் மூச்சுப் பிடிப்பதில் அவனை அடிக்க அந்தக் கரையில் ஆளில்லை. தவாட்டின் மனைவிக்கு அண்ணன்.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டே கொப் சீண்டினான். "நம்ம நாட்டை ஒரு வெள்ளைக்காரனும் ஆண்டதில்ல. நீயா போய் அவன் பாஷைக்கு அடிமையாகிட்ட, மாப்ளே."

"மெதுவா பேசு மச்சான். அவர் காதுல விழுந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

அது விளையாட்டுப் பேச்சில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்னிங் படகை வாங்கிய நாளிலிருந்து, படகில் தாய்லாந்து மொழிக்குத் தடை. எல்லாம் இங்கிலீஷ்தான். தவாட்டுக்குத் தெரிந்த இங்கிலீஷோ, ஊர்ப் பேச்சில் சொன்னால், 'பாம்பு பாம்பு, மீன் மீன்'. அதாவது அரைகுறை. அந்த அரைகுறைதான் போன வாரம் மானத்தை வாங்கியது.

புறப்படும் நேரத்தில் முதலாளி, சாப்பாடு வரவில்லையா என்று கேட்டார். வரவில்லை. அதனால் தவாட் பளிச்சென்று 'யெஸ்' என்றான். ஆமாம், வரவில்லை. நாம் அப்படித்தானே சொல்வோம்? வெள்ளைக்காரர் காதிலோ அது வந்துவிட்டது என்று விழுந்தது. சோறில்லாமல் கடலுக்குள் போன கூட்டம் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் மீன்கள்கூட ஓடியிருக்கும். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நீ கரையோடு இருந்துகொள் என்றார் முதலாளி.

பெண்டாட்டி வயிற்றுப்பிள்ளைக்காரி. வேலை போனால் என்ன கதி? தவாட் கைப்பேசியில் பாடம் பாடமாகப் பார்த்தான். இங்கிலீஷில் கணக்கே வேறு. 'இல்லையா' என்று கேட்டாலும் சரி, 'இருக்கா' என்று கேட்டாலும் சரி; இருந்தால் 'யெஸ்', இல்லாவிட்டால் 'நோ'. அவ்வளவுதான். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதையே முணுமுணுத்தான். துரை வர்றாரு, வழி விடுங்க என்று கொப் கரையெல்லாம் சொல்லிக் கேலி செய்தான்.

முதலாளிகூடத் தணிந்துவிட்டார். அவர் மனைவி ராத்ரீ உள்ளூர்க்காரி. அவள் வீட்டில் என்ன சொன்னாளோ, மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து தவாட்டின் தோளைத் தட்டினார். தப்பு உன் மேல் மட்டும் இல்லை, எனக்கும் இப்போதுதான் புரிந்தது என்றார். பெரிய மனசு என்று தவாட் உருகிப்போனான்.

கொப் சட்டையைக் கழற்றி ஏணிப் பக்கம் போட்டான். "மழைக்கு முந்திக் கரை சேரணும்னு அந்தாளு பறக்குறாரு. நான் ஏறி வர்றதுக்குள்ள இன்ஜினைத் தொட்டுடப் போறாரு. கேட்டா ஒழுங்கா பதில் சொல்லு. இப்ப என் உசுரு உன் இங்கிலீஷ்லதான் இருக்கு, மாப்ளே."

சிரித்துக்கொண்டே குதித்தான்.

காற்று எழுந்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. யாரோ ஒருவரின் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. தவாட் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். அறுபட்ட வலைத்துண்டுகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. கொப் வரவில்லை. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

முன்பக்கத்திலிருந்து முதலாளியின் குரல் வந்தது. அங்கிருந்து அவருக்கு ஏணி தெரியாது. காற்றில் பாதி அடித்துக்கொண்டு போனாலும் அந்த இங்கிலீஷ் தவாட்டுக்குத் தெளிவாகவே புரிந்தது.

"தண்ணியில யாரும் இல்லையே?"

இல்லை, ஆள் இருக்கிறான் என்று சொல்லும் பழக்கத்தில் 'நோ' தவாட்டின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டான். கொப் இருக்கிறான். இருந்தால் என்ன சொல்ல வேண்டும்? படித்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான் போலிருந்தது.

கைகளை வாயருகே குவித்துக்கொண்டு, ஒரு பிசிறில்லாமல், படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "யெஸ்! யெஸ்!"

பிழையில்லாமல் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

இன்ஜின் உறுமியது.

தவாட் அலறியது எந்த மொழியில் என்று அவனுக்கே தெரியாது. படகு ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. பின்னால் வெள்ளையாக எழுந்த நுரை, அடுத்த அலையில் வெள்ளையாக இல்லை.

ஹென்னிங் ஓடிவந்தார். காலி ஏணியைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த சட்டையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய், அந்தப் படகில் முதன்முறையாகத் தாய்லாந்து மொழியில், திக்கித் திக்கிக் கேட்டார்.

"நீங்க 'யெஸ்'ஸுன்னா... இல்லேன்னுதானே அர்த்தம்?"