முதல் வரி

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கசார்வாடி லேத்துப் பட்டறை ஓய்ந்திருக்கிறது; எங்கள் வாராந்திரக் கூட்டம் இங்கேதான். தகரக் கூரை ஓட்டை வழியாக இறங்கும் வெயில் என் மனைவி சௌந்தரா தன் புது மார்க்கத்துக்காக எழுதிய வேதப் புத்தகத்தின் மேல் விழுகிறது. நாவல் எழுதிய காலத்தில், ஒரு காற்புள்ளியை எடுத்ததற்காகப் பதிப்பாளரோடு சண்டை போட்டவள். இப்போது அவள் தொடங்கியிருக்கும் மார்க்கத்திலோ, பொய்யென்று படும் வரியை யார் வேண்டுமானாலும் அடிக்கச் சொல்லலாம். "துன்பம் கடவுள் வைக்கும் சோதனை" என்று முதல் வரியை வாசிக்கிறாள். போன மாதம் மகனைப் பறிகொடுத்த சுமன்பாய் எழுந்து மராத்தியில் கேட்கிறாள்: "என் பிள்ளை செத்தது சோதனையா அக்கா?" சௌந்தரா பேனாவைத் திறந்து, நிதானமாக அந்த வரியை அடிக்கிறாள். "இந்த இடத்துல என்ன எழுதட்டும், சுமன்?" சுமன்பாய் தெரியாது என்று தலையை ஆட்டுகிறாள். "அப்ப காலியாவே இருக்கட்டும்" என்கிறாள் சௌந்தரா. பக்கத்தில் இருக்கும் புது ஆளிடம், அவர் கேட்காமலே, "நான் அவங்க வீட்டுக்காரன்" என்கிறேன்.