ஜம்பலாயாவுக்கு உப்பு

செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தது மொஹ்சின் செய்த முதல் தப்பு. இனி உப்பு எடுக்கும்போதெல்லாம் சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் நந்தினி மேடத்துக்கு அடுப்படியே ஆடும்.

கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அவர். அமெரிக்காவின் தெற்கே கடலில் எண்ணெய் எடுக்கும் இடங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல். சமையல்காரன் வேண்டும். கப்பலில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து லூசியானாக்காரர்கள், வாரம் ஒருமுறை ஜம்பலாயா இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்களாம். இறாலும் அரிசியும் ஒரே சட்டியில் வேகும் சாப்பாடு. அதை இன்று தன் வீட்டில், வீடியோவில், ஒரு மணி நேரத்துக்குள் செய்து காட்ட வேண்டும்.

தேறினால் பத்து மாதம் கடல். முப்பத்தைந்து தாண்டினால் எடுக்கமாட்டார்கள். மொஹ்சினுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் எட்டு வருடமாக அதே கடை, அதே பிரியாணி. ஒரு தடவையாவது வெளியே போய்விட வேண்டும் என்று அவனுக்குப் பைத்தியமே பிடித்திருந்தது.

செலரித் தண்டு செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வாங்கும் கடையில் கிடைத்தது. இறால் பாண்டிச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி வந்தது.

வெங்காயமும் குடைமிளகாயும் செலரியும் சிக்கன் சாசேஜோடு சேர்ந்து அடிப்பிடிக்க ஆரம்பித்தன. கை தானாகக் கரண்டிக்குப் போனது. அடக்கிக்கொண்டான். பிரியாணி அடிப்பிடித்தால் மானம் போய்விடும். இதில் அடிப்பிடித்ததைச் சுரண்டினால்தான் நிறமே வருகிறது. என்ன சாப்பாடோ.

தண்ணீர் ஊற்றினான். கொதித்தது. அரிசி போடுவதற்கு முன் உப்புப் பார்க்க வேண்டும்.

ஒரு கரண்டி மொண்டு வாயருகே கொண்டுபோனவன் நின்றான். இன்று இருபத்தாறாவது நோன்பு.

நோன்பு மாதத்தில் கடையில் அவனுக்காக உப்புப் பார்ப்பது பாத்திரம் கழுவும் கன்னியம்மாள். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் வேலை கேட்டு நிற்கிறவன் கேமரா முன்னால் துப்பலாமா? நோன்பு என்று சொல்லிவிடலாம். அப்படியானால் கப்பலில் அந்த ஒரு மாதம் யார் ருசி பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேட்டால்?

பிரியாணி என்றால் வாசத்திலேயே உப்பு தெரிந்துவிடும். இது புதுச் சட்டி, புதுச் சாப்பாடு. நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது.

"மாஸ்டர், ஏன் நின்னுட்டீங்க?" என்றார் நந்தினி போனிலிருந்து.

கேமராவுக்கு எட்டாத பக்கம் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றிருந்தாள் அவன் மனைவி ரூக்ஸார். விடியற்காலை அவனோடு எழுந்து நோன்புக்கான ஸஹர் சாப்பிட்டவள். இந்த வருடம் ஒரு நோன்பைக்கூட அவள் விடவில்லை. அதில் மொஹ்சினுக்கு அத்தனை பெருமை. நண்பர்களிடம் சொன்னான். முந்தாநாள் ஆம்பூரில் இருக்கும் அம்மாவிடமும் போனில் சொன்னான். அம்மா ஏனோ பேச்சை நிறுத்தி, "போன அவகிட்ட குடுடா" என்றார். ரூக்ஸார் போனோடு மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் பேசினாள்.

ரூக்ஸார் அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். ஊதினாள். குடித்தாள்.

"கம்மி. இன்னும் அரை ஸ்பூன்," என்றாள் காதருகே.

உப்பு எடுத்தான். நந்தினி மேடத்துக்கு அடுப்படி ஆடியது. உப்பைப் போட்டு, அரிசியைக் கொட்டி, மூடினான்.

"இருபது நிமிஷம். அப்புறம்தான் எறா போடணும். நடுவுல தொறந்தீங்கன்னா டெஸ்ட் அவுட்டு," என்று நந்தினி மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. தம் போடுகிறவனுக்கு மூடியைப் பற்றிப் பாடமா? எட்டு வருடத்தில் ஒரு தேக்சாவைக்கூட அவன் நேரத்துக்கு முன் திறந்ததில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. இவள் துப்பவில்லை. குடித்தாள்.

போனின் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பி, சத்தம் வராமல் கேட்டான். "நோன்பு?"

"இனிமே வெக்கக் கூடாதுன்னு நேத்து டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உங்க டெஸ்ட் முடியட்டும்னு இருந்தேன்."

மாதத்தில் ஐந்தாறு நாள் பெண்களுக்கு நோன்பு கிடையாது. மாதவிலக்கு வந்தால் விட்டே ஆகவேண்டும். ஒன்றுகூட விடவில்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன், ஏன் விடவில்லை என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. மடையன். கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தைக்காக வேலூர் வரை எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார்கள்.

"நெறம் நல்லா வந்திருக்கு மாஸ்டர்," என்றார் நந்தினி. குரலில் இப்போது கண்டிப்பு இல்லை. "பத்து மாசம், நடுவுல லீவு கெடையாது. வீட்ல சம்மதம்தானே?"

"சம்மதம்னு சொல்லுங்க," என்றாள் ரூக்ஸார். கரண்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது.

துணியை எடுத்துப் பிடித்து, மூடியைத் திறந்தான்.