தையல்காரி பாடலாமா?

"புருஷனைப் புதைச்ச ஈரம் காயல. அதுக்குள்ள பல்லைக் காட்டிக்கிட்டு நின்னு பாடுறா. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

சாப்பாட்டு மேசையிலேயே போதகரிடம் ஆரம்பித்துவிட்டாள் அவர் மனைவி. எதிரே உட்கார்ந்திருந்த பாடகர் குழுத் தலைவர் ஒத்து ஊதினார்.

"போன ஞாயித்துக்கிழமை நானே கண்ணால பார்த்தேன் ஐயா. நாங்கெல்லாம் அவளுக்காக மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறோம், அந்தத் தையல்காரி மட்டும் முகமெல்லாம் சிரிப்பா உச்சத்துல பாடுறா. மனசுல என்ன இருக்கோ!"

"என்ன இருக்கும்? விட்டுது தொல்லைன்னு இருக்கும்," என்றாள் மனைவி.

அடுத்த வாரம் சபையில் 'நிலையான மகிழ்ச்சி' என்ற தலைப்பில் பெரிய கூட்டம். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். தனிப்பாட்டு தையல்காரிக்கு. மகிழ்ச்சிக் கூட்டத்தில் ஒருத்தி மகிழ்ச்சியாகப் பாடிவிட்டால் சபையின் மானம் கப்பலேறிவிடுமாம்!

போதகருக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். சாவுக்கு ஒரு முகம், கல்யாணத்துக்கு ஒரு முகம் என்று தனித்தனியாக வைத்திருக்கிற மனிதர் அவர். மாற்றி மாட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"நானே போய்ப் பேசுறேன்," என்று கிளம்பினார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் மற்ற இருவரும் கூடவே ஒட்டிக்கொண்டார்கள்.

தையல் கடை வாசலிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. மனைவி முழங்கையால் போதகரை இடித்தாள்.

உள்ளே மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது கூட்டத்து மேடைக்கான துணிதான். 'நிலையான' தைத்து முடிந்திருந்தது. 'மகிழ்ச்சி' பாதியில் இருந்தது.

"வாங்க ஐயா, வாங்கம்மா, வாங்கண்ணே!"

நாற்காலிகளில் கிடந்த துணிகளையெல்லாம் அள்ளி மூலையில் போட்டாள். ஒரு பழைய ஆண் சட்டையை மட்டும் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

போதகர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணுமில்லம்மா... கொஞ்ச நாளைக்கு நீ பாட வேண்டாம். நீ சிரிச்ச முகமா நிக்கிறதைப் பார்த்து நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க. கூட்டத்துல வேற யாராவது பாடட்டும்."

தையல்காரியின் முகம் வாடிவிட்டது.

"பாடக்கூடாதா ஐயா? வீட்டுல இருந்த ஒரே மனுஷனும் போயிட்டார். இனிமே எனக்குன்னு இருக்கிறதே அந்தப் பாட்டுதானே."

"அவர் போன வருத்தம் கொஞ்சமாவது இருக்கா உனக்கு?" மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்ம்மா இல்லாம? இந்தச் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு தினமும்தான் அழுறேன். அழுது முடிச்சதும் ஐயா சொன்னது ஞாபகத்துக்கு வருது. எங்கிருந்துதான் வருமோ, மனசு நிறைஞ்சு போயிடுது. பாடாம இருக்க முடியல."

"நானா? நான் என்ன சொன்னேன்?" போதகருக்கு நிஜமாகவே நினைவில்லை.

"கல்லறையில வச்சு சொன்னீங்களே ஐயா. 'உன் வீட்டுக்காரர் இயேசுகிட்ட பத்திரமா இருக்கார், ஒருநாள் நீயும் போய்ப் பார்ப்ப, இந்தச் சந்தோஷத்தை உன்கிட்ட இருந்து யாராலயும் பிடுங்க முடியாது'ன்னு."

"ஓ... அதுவா," என்றார் போதகர். எல்லா நல்லடக்கத்திலும் அவர் சொல்வது அதுதான். சொல்லும்போதே அடுத்த வேலையை யோசிக்கிற அளவுக்கு மனப்பாடம்.

தையல்காரி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் அதை அப்படியே நம்பிட்டேன். ஏன் ஐயா, நம்புறதுக்குச் சொன்னது இல்லையா அது?"