தாயம் விழாத இளவரசி

"வேலைக்காரின்னு போட்டுக்கோ. இளவரசியெல்லாம் கிடையாது" என்றான் பார்த்தசாரதி.

"மாட்டேன்" என்றாள் புஷ்பா. "என் ஆளு அரை எல்ஃப்தான். ஆனா அரண்மனை வாரிசு."

கோவில்பதாகையில் லோகநாதன் வீட்டு வராந்தா. தொண்ணூற்று மூன்றாம் வருஷம். பேரன் பார்த்தசாரதி எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டு விளையாட்டுப் புத்தகம் பிடித்துவந்திருந்தான். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்த ஆளாகவே பேசி ஆட வேண்டும். புத்தகம் வந்ததே தவிர, பகடை வரவில்லை. எனவே தாத்தாவின் பித்தளைத் தாயக்கட்டை.

கட்டை கொடுத்தவரைச் சும்மா விடலாமா? லோகநாதனையே ராஜாவாக்கிவிட்டார்கள். அவர் தாயம் உருட்டினால் ஏரி மீன்கூடக் கரையேறி வந்து எட்டிப் பார்க்கும் என்பார்கள். ஆட்டத்தில் சொன்ன சொல்லை மாற்றவே மாட்டார் என்பார்கள். இரண்டாவது நிஜம்.

"எல்ஃப்னா இன்னாடா?"

"காட்டு ஜனம் தாத்தா. காது நீட்டமா இருக்கும். இவ ஆளுக்கு அம்மா ராஜா பொண்ணு, அப்பா எல்ஃப். கலப்பு. அரண்மனை சேத்துக்காது."

"சேத்துக்காட்டி கெஞ்சமாட்டேன். கதவைத் தட்டுவேன்" என்றாள் புஷ்பா. "அது எங்கம்மா ஊடு."

கூடப் படிக்கிறவள் என்று பார்த்தசாரதி அழைத்துவந்த பெண். லோகநாதன் இன்றுதான் பார்க்கிறார். பொடிசுக்கு என்ன ரோஷம்!

"திமிரைப் பாரு! தாயம் போட்டாதான் உள்ள. உருட்டு" என்றான் பார்த்தசாரதி.

உருட்டினாள். மூன்று. மறுபடி உருட்டினாள். ஐந்து.

"அவ்ளோதான். காட்டுக்குக் கிளம்பு" என்று சிரித்தான் பார்த்தசாரதி.

"போகமாட்டேன். விழற வரைக்கும் உருட்டுவேன்."

கண் கலங்கியிருந்தது. தலை மட்டும் குனியவில்லை.

லோகநாதனுக்குப் பொறுக்கவில்லை. பேரன் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.

"கஸ்மாலம்! ராஜா நீயா, நானா? அப்பன் காட்டுல கீறவனா இருந்தா இன்னா? பேத்தி ஊட்டுக்கு வர்றதுக்கு எவனாவது தாயம் கேப்பானா? தொறடா கதவை! நீ உள்ள வாம்மா. உன் ஆத்தாளையும் இட்டாந்துடு."

"நெஜமாவா?"

"ஆட்டத்துல சொன்ன சொல்லு. மாத்துனா நான் லோகநாதனே இல்ல."

புஷ்பா எழுந்தாள்.

"அப்ப கூப்பிடறேன் தாத்தா. அம்மா கேட்டுக்கு வெளியிலதான் நிக்குது. பேரு ஜெகதாம்பாள். சாதி மாறிக் கட்டிக்கினான்னு நீங்க தொரத்திவுட்ட உங்க பொண்ணு."

லோகநாதன் கேட்டுப் பக்கம் திரும்பினார்.

அவர் வாயைத் திறப்பதற்குள், குட்டு வாங்கிய மண்டையைத் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு ஓடினான் பார்த்தசாரதி.

"அத்தே! ராஜா உத்தரவு ஆயிடுச்சு. உள்ள வா!"