அத்தைக்கு வந்த அனல்

ஒரு பெண்ணுக்கு இது இரண்டாவது தடவையும் வருமா? அத்தைக்கு அறுபத்தாறு. மாதவிலக்கு நின்று பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது பட்டது போதாதென்று மறுபடியுமா? யாரிடம் கேட்பதென்று தெரியாமல், டாக்டரின் அறைக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் மருமகள். அவளுக்கு நாற்பத்தேழு. தன் முறை இனிமேல்தான் என்கிற பயமும் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருந்தது.

பக்கத்தில் அத்தை. அவளுக்கு அந்தப் பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, மாமா.

மூவரும் சேர்ந்து நடத்துவது ஒரு தையல் கடை. மாமா துணி வெட்டுவார், மருமகள் தைப்பாள், அத்தை காஜா எடுத்துப் பொத்தான் கட்டுவாள். நான்கு மாதமாக அத்தைக்கு, மாதவிலக்கு நின்றபோது வந்த அதே அனல். ஊசியும் நூலுமாக இருப்பவள் திடீரென்று எழுந்து ஜன்னலைத் திறப்பாள், விசிறியை முழு வேகத்தில் வைப்பாள். கொட்டும் குளிரில் வெட்டிய துணியெல்லாம் கடை முழுக்கப் பறக்கும். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள்.

வீட்டில் இப்போது எல்லோருக்குமே டீ ஆறிப்போய்த்தான் வருகிறது. குழம்பில் காரம் பாதியாகிவிட்டது. கனத்த போர்வைகள் பரணுக்குப் போய் மெல்லிய பருத்திப் போர்வைகள் வந்தன. இஸ்திரி மேஜை கடை வாசலுக்கு நகர்ந்தது. இத்தனையும் செய்துவிட்டு அத்தை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்காருவாள். கேட்டால், வேர்த்து ஓய்ந்ததும் குளிர் வந்துவிடுகிறது என்பாள்.

மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "எங்க வீட்டம்மா இஸ்திரிப் பெட்டியை முழுங்கிட்டா போல" என்று சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கூடவே அத்தையும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் மருமகளுக்கு விளங்கவில்லை. தன்னை யாராவது இப்படி நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் அந்த இஸ்திரிப் பெட்டியே பறந்திருக்கும்.

போன வாரம் கேலியும் நின்றுபோனது. கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டு, இந்த அனல் அடங்காவிட்டால் மாதக் கடைசியோடு கடையை மூடிவிடலாம் என்றார் மாமா. பெண்டாட்டிக்காகக் கடையையே விடுகிற மனுஷனா இவர் என்று மருமகளுக்கு ஒரு பக்கம் ஆச்சரியம். மறுபக்கம் பயம். இருபது வருஷம் மிதித்த மெஷின். அதை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. அதைவிட, காலையில் எழுந்து போவதற்கு வேறு இடமும் கிடையாது.

மறுநாளே அத்தை தானாக வந்து, ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னாள். தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள். இதில் மாமா வேறு தானும் வருவதாகக் கிளம்பிவிட்டார்.

அழைப்பு மணி அடித்தது. அத்தை எழுந்தாள்.

"நீ இங்கயே இரும்மா. நானே பேசிக்கறேன்."

"நீங்க பாதியைச் சொல்லிட்டுப் பாதியை முழுங்கிடுவீங்க அத்தை. நானும் வர்றேன்."

அத்தை திரும்பி மாமாவை ஒருமுறை பார்த்தாள். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் அத்தை பையிலிருந்து அளவு எழுதும் சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள். தேதி, மணி, எத்தனை நிமிஷம், அதற்கு முன்னால் குடித்தது என்ன, கோபப்பட்டது எதற்கு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றாள் டாக்டர். மருமகளும் எட்டிப் பார்த்தாள். செவ்வாய், மூன்றரை மணி, கடையில், ஐந்து நிமிஷம். அந்த நேரத்தில் அத்தை பொத்தான் வாங்கப் போயிருந்தாளே? ஞாபகப் பிசகாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இதை அடக்க மாத்திரை உண்டா என்று அத்தை கேட்டாள். உண்டு, ஆனால் இந்த வயதில் புதிதாக அனல் வந்தால் காரணம் தெரியாமல் எதையும் தர முடியாது, முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும் என்றாள் டாக்டர். மாத்திரையை மட்டும் எழுதித் தரக்கூடாதா என்று அத்தை இன்னொரு தடவை கேட்டாள். குரல் கெஞ்சியது. எதற்கும் யாரிடமும் கெஞ்சாத அத்தை. இத்தனை நாள் துணி பறந்ததற்காக மனசுக்குள் வைததையெல்லாம் எண்ணி மருமகள் கூசினாள்.

டாக்டர் திரைச்சீலையை விலக்கினாள். "பயப்படாதீங்கம்மா. அந்தக் கட்டில்ல ஏறிப் படுங்க."

"ரெண்டு நிமிஷம்தான் அத்தை, நான் பக்கத்துலயே நிக்கறேன்" என்று மருமகள் அவள் கையைப் பிடித்தாள்.

அத்தை எழுந்திருக்கவில்லை. மூடியிருந்த கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர், படுக்க வேண்டியது நான் இல்ல" என்றாள், வெளியே கேட்காத குரலில். "புரோஸ்டேட்ல கேன்சர்னு ஹார்மோனை அடக்கற ஊசி போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்த அனல் வெளியே உக்காந்திருக்கற எங்க வீட்டுக்காரருக்குத்தான், வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அடுத்த ஊசியைப் போட்டுக்க மாட்டேன்னுட்டார்."