வக்கீல் ப்ரூயிட்டின் முதல் கேஸ்

"நிஜமாவே இதுதான் உங்க முதல் கேஸா?" என்று கேட்டாள் டார்லா.

"ஆமாம்மா," என்றார் வக்கீல் வெண்டல் ப்ரூயிட். அறுபதைத் தாண்டிய மனிதர். கோட்டு புதுசு, நரை பழசு. "ரிட்டயர் ஆனப்புறம்தான் சட்டம் படிச்சேன். வக்கீலாப் பதிவாகி ஒரு மாசம் ஆகுது."

இலவச சட்ட உதவியில் போயும் போயும் இவரா கிடைக்க வேண்டும்! ஹீட்டர் ஓடவில்லை என்று புகார் கொடுத்த பாவத்துக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்கிறான் வீட்டுக்காரன். வெளியே கென்டக்கிப் பனி கொட்டுகிறது. தோற்றால் இரண்டு பிள்ளைகளோடு காருக்குள்தான் படுக்க வேண்டும்.

கோர்ட்டுக்குள் நுழைந்ததும் மனிதர் நேராகப் போய் மேடையோரக் கதவருகே விறைப்பாக நின்றுகொண்டார்.

"சார், அங்க எங்க போறீங்க? நம்ம மேஜை இங்க இருக்கு!"

"அட, ஆமால்ல!" அசடு வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தவர், இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. பழக்கதோஷம்."

எதிர்த்தரப்பு வக்கீல் நகரத்திலிருந்து வந்த இளைஞன். இந்தப் பக்கம் சாய்ந்து சிரித்தான். "பெரியவரே, இந்த வயசுல நிம்மதியா மீன் பிடிக்கப் போகக் கூடாதா?"

"போனேன் தம்பி. மீனுங்க எதிர்த்து வாதாட மாட்டேங்குது."

வாய் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேஸ் ஃபைலைத் தலைகீழாகப் பிடித்திருப்பதை டார்லா பார்த்துவிட்டாள்.

"ஜட்ஜ் முன்னாடி பேசிடுவீங்கள்ல சார்?"

"எனக்கும் அந்தப் பயம்தாம்மா. கோர்ட்ல நான் அதிகம் பேசினதில்ல."

டார்லா கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டாள்.

மேடைக் கதவு திறந்தது. நீதிபதி மெக்காஃப்ரி அம்மையார் கறுப்பு அங்கியோடு உள்ளே வந்தார். கதவருகே நின்ற டவாலி அறிவிப்பதற்காக வாயைத் திறந்தாள். அதற்குள் ப்ரூயிட் துள்ளி எழுந்து, கூரை அதிரக் குரல் கொடுத்தார்.

"அனைவரும் எழுந்து நில்லுங்கள்! கோர்ட் கூடுகிறது!"

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. நகரத்து வக்கீலும் பதறி எழுந்தான். டவாலிக்குத் திறந்த வாய் மூடவில்லை. டார்லா முகத்தைப் பொத்திக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு!

நீதிபதி அமர்ந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ப்ரூயிட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"மிஸ்டர் ப்ரூயிட், இதே கோர்ட்ல நீங்க டவாலியா நின்ன இத்தனை வருஷமும் அந்த ஒரு வரியைத்தான் உங்களைப் பேச விட்டோம். இன்னிக்கு மீதியையும் பேசுங்க, கேட்கிறேன்."