ஃப்ரீசர் பெட்டிக்குள் கம்பளி

ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்த அடைக்கலராஜின் கை சூடாக இருந்தது.

வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்த அந்தக் கையில் ஜெபமாலையைச் சுற்றப்போன மகன் ஜூட் போட்ட கூச்சலில் பாலக்கரைத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“அப்பாவுக்கு உசிரு இருக்கு!”

காலையில் டாக்டர் வந்து கைவிரித்துவிட்டுப் போனதை எல்லோரும் மறந்தே போனார்கள். ஒருவர் காபி போடச் சொன்னார். மாலையோடு வந்தவர் அதை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பெட்டியை வாடகைக்குத் தந்த கிளமென்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் உயிர் இருப்பதாக நம்பவில்லை. மெஷின்தான் காலை வாரிவிட்டது என்று நினைத்தான். கனடாவிலிருந்து மகள் சுஜா நாளைக்குத்தான் வந்து இறங்குவாள். அடிக்கிறதோ சித்திரை வெயில். அதுவரை அப்பாவின் முகம் முகமாக இருக்க வேண்டுமே!

மூடியைத் திறந்தான். உள்ளே ஜில்லென்றுதான் இருந்தது. மெஷின் பாவம், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வெள்ளைத் துணியை விலக்கினான். அடியில் கம்பளிப் போர்வை. அதற்கும் அடியில் ஸ்வெட்டர். அதைப் பிரித்தால் இன்னொரு ஸ்வெட்டர். காலில் கம்பளிக் காலுறை வேறு. கொடைக்கானலுக்குப் போகிறவன்கூட இப்படி மூட்டை கட்டிக்கொள்ள மாட்டான்.

உடை மாற்றிவிடுகிறேன், எல்லோரும் வெளியே இருங்கள் என்று மனைவி சகாயம்மாள் கதவைச் சாத்திக்கொண்டது இதற்குத்தான் போலிருக்கிறது. பாவம், துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கிளமென்ட் தலையைச் சொறிந்தான். கம்பளி சூட்டைத் தராது, உடம்பில் இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அதனால்தான் சாரை இந்தக் குளிர் தொடவே இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். கூச்சமாக இருந்தது. எட்டாம் வகுப்பில் அவனுக்கு அறிவியல் எடுத்ததே சகாயம்மாள் டீச்சர்தான். இந்த ஒரு கேள்விக்கு உளறிவைத்து அன்று பெஞ்சு மேல் நின்றிருக்கிறான்.

டீச்சர் தலையை ஆட்டினார்.

“இன்னைக்குச் சரியாச் சொல்லிட்ட. இருக்கிற சூடு போயிடக் கூடாதுன்னுதான்டா போர்த்துனேன்.”

அவன் வெள்ளைத் துணியை மடித்தபடியே சுஜாவுக்கு முகம் காட்ட வேண்டுமே என்று மட்டும் மெல்லச் சொன்னான்.

டீச்சர் பெட்டியருகே குனிந்தார். பிறகு ஜூட் அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடிக்க, எல்லாவற்றையும் தானே கழற்றினார்.

உள் ஸ்வெட்டரை வாங்கி வைக்கக் கிளமென்ட் கையை நீட்டினான். டீச்சர் கொடுக்கவில்லை. அந்த வெயிலில், அத்தனை பேர் பார்க்க, சூடு ஆறுவதற்குள் அதைத் தன் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு கழுத்து வரை பொத்தான் போட்டார்.